நீ எனக்கு விட்டுவைத்த தவளை

போதும். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை உன்னோடு பேசுவதில்லை என்று இருந்தேன். நீ போன பிறகோ, போனவரைக் குறை சொல்லக்கூடாது என்று ஊரே என் வாயைப் பொத்துகிறது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் ஒரு மனிதன் எந்த வழியாகத்தான் பேசுவான்? அதனால் எழுதுகிறேன். மேலே 'அன்புள்ள' என்று போடவில்லை, கவனித்திருப்பாய். போட வரவில்லை.

இன்று காலை குளித்துவிட்டு விபூதி எடுக்கப் போனால், என் வீட்டுச் சாமி மாடத்தில் நீ இருக்கிறாய். மஞ்சள் அட்டை, நடுவில் உன் படம், படத்துக்கு மேலே ஒரு பொட்டுச் சந்தனம். அச்சு மையின் வாசம் கற்பூர வாசத்தையும் தாண்டி வருகிறது.

"இத யாரு இங்க வச்சது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நாந்தான். அவுக போட்டோ போட்டிருக்குல்ல. பின்ன எங்கிட்டு வைக்கச் சொல்றீங்க, குப்பையிலயா?"

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"என்னமோ இங்கிலீசு. நல்லதாத்தான் இருக்கும்."

நல்லதுதான். நான் எழுதியதுதானே.

நம் பக்கத்தில் தெவசச் சாப்பாடு முடிந்து கை கழுவி வருகிறவர்களுக்கு வாசலில் சின்னதாக ஒரு புத்தகம் கொடுப்பார்கள். கவசமோ பதிகமோ இருக்கும். முதல் பக்கத்தில் போனவரின் படம் இருக்கும். படிக்கிறோமோ இல்லையோ, தூக்கிப் போட மனம் வராது. போன ஞாயிற்றுக்கிழமை உன் முதல் வருஷத் தெவசத்தில் உன் மகள் கயல் கவசத்துக்குப் பதிலாக உன் வெர்ப் டேபிளை, அந்த ஆங்கில வினைச்சொல் பட்டியலை, அச்சடித்து நீட்டினாள். 'கோ – வென்ட் – கான்' இப்போது ஆலங்குடியில் எத்தனை வீட்டு மாடத்தில் சந்தனத்தோடு இருக்கிறதோ தெரியாது. சாப்பாட்டுப் பந்தலில் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம வெர்ப் சாரு பஸ்ஸுல போயிட்டு வாரப்பவெல்லாம் புள்ளைகளப் பத்தியே யோசிச்சிருக்காருங்க. அந்தப் பஸ்ஸுலயே உதிச்ச முறைங்க இது!" நான் பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பஸ்ஸாம். நீயாம்.

எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்ளாமல் நீ எந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறாய்? ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டுகிறவன் நீ. அதனாலேயே பழைய மொபெட் ஒன்றை வாங்கி, மீமிசல் பக்கத்து உன் ஊருக்கு அதிலேயே போய் முதுகுவலியோடு திரும்புவாய். உனக்குப் பஸ்ஸில் உதித்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதை யாரும் புத்தகமாகப் போட மாட்டார்கள்.

அன்று வாசலில் கயல் என்னை மட்டும் நிறுத்தினாள். "மாமா, நீங்களும் அப்பாவும் ஒரே ரூம்ல இருந்தீங்களாமே, அம்மா சொன்னாங்க." தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு பெரிய உறையை எடுத்து வந்தாள். அச்சகத்திலிருந்து வந்த திருத்தப் படி. "இது சும்மா தெவசத்துக்கு அடிச்சது மாமா. ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள பெருசா அடிக்கிறோம். அப்பா ட்யூஷன் சென்டர நாந்தான் திரும்ப ஆரம்பிக்கிறேன். போர்டுலயே 'வெர்ப் சார் முறை'ன்னு போடப் போறேன். நீங்க ஒரு தடவ பாத்துக் குடுங்க. வெள்ளிக்கிழமை அச்சகத்துல கேக்குறாங்க. ஒங்களவிட இத யாரு மாமா நல்லாப் பாப்பா?"

யார் பார்ப்பார்கள்? அதைப் பெற்றவனைவிடவா?

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நீ சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் கட்டப்போகிற கூரையின் நடுமரம் சரிந்துவிடும். சொல்லாவிட்டால் என் வேலை உன் பெயரில் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். இதுதான் நீ எனக்கு விட்டுப்போன சொத்து. உறையை வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த வாரம் முழுக்க அது மேசையில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த அறையை நினைத்துக்கொள். தையல் கடைக்கு மேலே, மாடிப்படி பாதியில் திரும்பும், கைப்பிடி கிடையாது. நாம் இருவரும் எம்.ஏ. முடித்த சூட்டோடு ஒரே வாரத்தில் அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்தோம். நீ ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. நான் எட்டு, ஒன்பது. கீழே தையல் மிஷின் ஓடினால் மேலே நம் டம்ளர் நடுங்கும். நீ சோறு வடிப்பாய், நான் குழம்பு வைப்பேன். உன் சோறு எப்போதும் குழைந்திருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போது பள்ளிக்கூடத்தில் வினைச்சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? அகரவரிசையில். 'அரைஸ், அவேக், பீ, பேர், பீட்' என்று பிள்ளைகள் காலைப் பிரேயருக்கு முன்னால் கத்துவார்கள். 'பி' வரைக்கும் சத்தம் கேட்கும், 'டி' வந்தால் முணுமுணுப்பு, 'எஸ்' வரும்போது வாய் மட்டும் அசையும். நான் சனிக்கிழமைதோறும் கந்தர்வக்கோட்டைக்கு, என் ஊருக்கு, போகிறவன். ஆலங்குடியில் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, அங்கே இன்னொரு பஸ். நின்றுகொண்டே போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "நிக்காது நிக்காது, பாயிண்ட் டு பாயிண்ட்! எறங்கு எறங்கு!" என்று ஒரு கிழவரை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு 'கட் – கட் – கட்' என்று கேட்டது. எங்கேயும் நிற்காத வண்டி. எங்கேயும் மாறாத சொல்.

அந்த வாரமே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். 'கட், புட், ஹிட்' எல்லாம் பாயிண்ட் டு பாயிண்ட். 'கம் – கேம் – கம்', 'ரன் – ரேன் – ரன்' எல்லாம் ரிட்டன் பஸ். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். 'பிரிங் – பிராட் – பிராட்', 'டீச் – டாட் – டாட்' எல்லாம் ஒரு மாத்து வண்டி; புதுக்கோட்டையில் ஒரு தடவை மாறி ஏறினால் போதும், பிறகு ஊர் வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். 'சிங் – சேங் – சங்', 'ட்ரிங்க் – ட்ரேங்க் – ட்ரங்க்' டவுன் பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் மாறும்.

நீ கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னடா இது, வாத்தியார் வேலையா, டெப்போ வேலையா?" என்றாய். சொன்னாயா இல்லையா? என் முறைக்கு உன் வாயிலிருந்து விழுந்த முதல் பாராட்டு அதுதான்.

ஆனால் வகுப்பில் மாட்டிய மறுநாள் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் வாயாலேயே ஹாரன் அடித்தான். ஒரு பெண் எழுந்து, "சார், கோ – வென்ட் – கான் எந்த பஸ்சு சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த 'வென்ட்' வேறொரு வினையின் இறந்தகாலம். அதை எடுத்துக்கொண்டு 'கோ' தன் பெயரில் ஓட்டுகிறது. "அது நம்ம வண்டி இல்லம்மா. அடுத்தவன் வண்டிய எடுத்து, போர்டு மாத்தி ஓட்டுறாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. நீ அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பாடத்தை நன்றாகத்தான் கற்றுக்கொண்டாய்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். சில வினைகளுக்கு இரண்டு இறந்தகாலமும் சரி என்று அகராதியே சொல்கிறது. 'லிட்' என்றும் எழுதலாம், 'லைட்டட்' என்றும் எழுதலாம். 'ட்ரெம்ட்', 'ட்ரீம்டு'. 'நெல்ட்', 'நீல்டு'. நான் என் தாளில் இரண்டையும் போட்டேன். ஆனால் பழையதை முன்னால் போட்டேன். அது என் ருசி, மறுக்கவில்லை. 'லிட்' என்று சொன்னாலே விளக்கு எரிந்துவிடுகிறது. 'லைட்டட்' என்கிறவன் இன்னும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறான். இன்றைக்குப் பிள்ளைகள் எதைக் கண்டாலும் 'லிட்டு சார்' என்கிறார்கள், பிரமாதம் என்று அர்த்தமாம். பரவாயில்லை, சொல்லாவது பிழைத்திருக்கிறது.

உனக்கு எல்லா வினையின் வாலிலும் 'ed' என்று ஈடி போட வேண்டும். ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"டேய், ரெண்டு வழி இருக்குன்னா லேசான வழியக் காட்டுடா. நம்ம புள்ளைக தலையில ஏற்கெனவே ஆயிரம் சொமை. ஈடி போட்டு முடிச்சிட்டுப் போவியா, நெல்ட்டு கிட்டுன்னு அறுவடை பண்ணிக்கிட்டு!"

"லேசா இருக்குங்கிறதுக்காக எல்லாத்தையும் இட்லியா ஊத்துவியா?" என்றேன்.

"இட்லி ஒடம்புக்கு நல்லதுடா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது உனக்குச் சுலபம். அதுவும் ஈடி மாதிரிதான், எதிலும் ஒட்டிவிடுவாய்.

அந்தத் தவளையை மறந்திருக்க மாட்டாய். 'லீப்' என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தவளை ஊரணிக்குள் தாவியது என்று எழுதி, 'லெப்ட்' என்று போட்டிருந்தேன். தாவல் என்றால் அப்படி இருக்க வேண்டும், படக்கென்று. நீயோ 'லீப்ட்' என்றாய். அது காலில் சுளுக்கு விழுந்த தவளை. அதற்குப் பிறகு ஊரணிக் கரை வழியாகப் பள்ளிக்கு நடக்கும்போதெல்லாம் உனக்கு ஒரே வேலை. கரையில் தவளை குதித்தால் நின்றுவிடுவாய். "டேய், ஒன் தவளை லெப்ட்ல போகுதா, ரைட்ல போகுதா, பாத்துச் சொல்லு." எதிரே வருகிற பிள்ளைகளிடமும் கேட்பாய். எனக்குக் கோபம் வரும். நான் வேகமாக நடப்பேன். பின்னால் உன் சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் மழைக்குப் பிறகு கரை முழுக்கக் குட்டித் தவளைகள். நீ அசையாமல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய். "இதெல்லாம் லெப்ட்தான்டா. லீப்ட்டுக்கு இதுகளுக்கு நேரம் இல்ல" என்றாய். அடுத்த நாள் மறுபடியும் கேலி. ஒரு நாளாவது ஒத்துக்கொண்டதில் உறுதியாக இருந்தாயா?

எனக்கு அரசுப் பள்ளியில் ஆணை வந்தபோது உடனே போய்ச் சேர வேண்டியிருந்தது. அதுவும் எங்கே? மீமிசல் பக்கம், உன் ஊர்க் கடற்கரை. சுவரில் மாட்டிய தாளைப் பிள்ளைகள் கழற்ற விடவில்லை. "இருக்கட்டும் சார், பரீட்சை வருது" என்றார்கள். விட்டுவிட்டுப் போனேன். நீ பஸ் நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கி வந்தாய். "எங்க ஊர் நண்டு சாப்பிட்டாலாவது ஒன் கிராமர் கொஞ்சம் எளகுதான்னு பாப்போம்" என்றாய். அதுதான் நாம் நல்லபடியாகப் பேசிய கடைசிப் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது.

சில வருஷம் கழித்து, மீமிசல் வகுப்பில், கரும்பலகையில் 'லிட்' என்று எழுதினேன். மீன் ஏலம் விடுகிறவரின் மகள், கெட்டிக்காரி, கையைத் தூக்கினாள். "சார், தப்பா எழுதியிருக்கீங்க. லைட்டட்னுதான் வரணும்."

"யாரும்மா சொன்னா?"

"புக்குல இருக்கு சார். ஆலங்குடி வெர்ப் சாரு புக்கு. எங்க மாமா வாங்கிட்டு வந்தாக." பையிலிருந்து எடுத்தாள். மஞ்சள் அட்டை. பிரித்தேன். பாயிண்ட் டு பாயிண்ட். ரிட்டன் பஸ். ஒரு மாத்து. டவுன் பஸ். எல்லாம் என் வரிசையில், என் எடுத்துக்காட்டுகளோடு. ஆனால் என் 'லிட்' இல்லை. என் 'ட்ரெம்ட்' இல்லை. இரண்டு வழி இருந்த இடமெல்லாம் உன் ஈடி மட்டும். முன்னுரையில், 'பேருந்தில் பயணம் செய்கையில் எனக்குத் தோன்றிய முறை இது' என்று ஒரு வரி. அடியில் உன் பெயர்.

புரிகிறதா உனக்கு? என்னுடைய பட்டியலை வைத்து, என் வகுப்பில், என் முகத்துக்கு நேராக, எனக்கே தப்பு போட்டார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாள். புத்தகத்தை மதிக்கச் சொல்லித்தந்ததும் நாம்தானே.

உன்னைப் புதுக்கோட்டைப் பஸ் நிலையத்தில் பிடித்தேன். எதற்கோ திருச்சி கிளம்பிக்கொண்டிருந்தாய். கையில் என்ன? எலுமிச்சம்பழம். "பஸ்ஸப் பத்தி புக்கு போட்டவரு பழத்தோட நிக்கிறாரே" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

"என் பேர் எங்கடா?" என்று கேட்டேன்.

"செவத்துல இருந்ததுக்கு ஏதுடா பேரு? நீ விட்டுட்டுப் போயிட்ட. புள்ளைக எழுதி எழுதி வாங்கிட்டுப் போச்சுக. அச்சடிச்சா எல்லாத்துக்கும் கெடைக்குமேன்னு போட்டேன்."

"என் பேரையும் போட்டிருக்கலாம்ல?"

"ஒன் பேரப் போட்டா 'லிட்'டையும் போடச் சொல்லுவ" என்றாய். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாய். கண்டக்டர் விசில் ஊதினார். நீ பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாய். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாய், பழத்தோடு. நான் ஆட்டவில்லை. அதன் பிறகு கல்யாணங்களில் பார்த்தால் வேறு பந்தியில் உட்கார்ந்தேன். நீ போன சேதி வந்த அன்றும் வரவில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை. கோபம் சாவுக்காகத் தள்ளிவைக்கிற சமாச்சாரம் இல்லை.

நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அதுதான் என் கேள்வி, இன்றுவரை. 'டேய், போட்டுக்கிறேன்டா' என்று ஒரு தபால் அட்டை. நான் மறுத்திருப்பேனா? 'லிட்'டுக்காக ஒரு பக்கம் சண்டை பிடித்திருப்பேன். பிறகு கொடுத்திருப்பேன். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

நேற்று கயல் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஸ்கூட்டியில், வெயிலில் முகம் சிவந்து. என் மனைவி மோர் கொடுத்தாள். திருத்தப் படி என் முன்னால் இருந்தது. முன்னுரைப் பக்கத்தின் ஓரத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தேன். அவள் பார்ப்பதற்குள் மேலே கையை வைத்துக்கொண்டேன்.

"மாமா, ஒரு சந்தேகம். எல்லா எடத்துலயும் அப்பா ஈடி போட்டிருக்காரு. இந்த லீப் மட்டும் 'லெப்ட்'னு இருக்கு. அச்சுப் பிழையா? மாத்திரவா?"

எட்டிப் பார்த்தேன். அந்த மீமிசல் நாளில் கோபத்தில் நான் இந்தப் பக்கம் வரை புரட்டிப் பார்க்கவே இல்லை. தெவசத்தில் கிடைத்த புத்தகத்தையும் முழுக்கப் புரட்டவில்லை, இந்தப் படியிலும் முன்னுரையைத் தாண்டவில்லை. ஊரணியும் தவளையும் அப்படியே இருந்தன. 'லெப்ட்'.

"பழைய பதிப்புல?" என்றேன்.

"எல்லாத்துலயும் இப்பிடியேதான் மாமா. நான் காலேஜ் படிக்கிறப்பவே ஒரு தடவ கேட்டேன், 'என்னப்பா, இது ஒண்ணு மட்டும் ஒட்டாம நிக்குது'ன்னு. 'அதத் தொடாத, அது இன்னொருத்தனோடது'ன்னாரு. யாருன்னு கேட்டா சிரிக்கிறாரு. ஒங்களுக்குத் தெரியுமா மாமா, யாருன்னு?"

இன்னொருத்தன்! கேட்டாயா? இன்னொருத்தன். பெற்ற மகள் கேட்கும்போதுகூட என் பெயர் உன் வாயில் வரவில்லை. பட்டியல் முழுக்க என்னுடையது. பஸ் என்னுடையது, வரிசை என்னுடையது, நின்றுகொண்டே போன சனிக்கிழமைகள் என்னுடையவை. அத்தனையையும் எடுத்துக்கொண்டு நீ எனக்கு விட்டுவைத்தது ஒரு தவளை. அதையும் பதிப்புக்குப் பதிப்பு காவல் காத்திருக்கிறாய். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. திருடுகிறவன் ஒழுங்காகத் திருட வேண்டும். பாதியில் இப்படி ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனால், வாங்க வந்தவன் எந்த முகத்தோடு சண்டை போடுவான்?

கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மூக்கு, உன் நாடி. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை எடுக்காத வழக்கம் மட்டும் உன்னுடையது இல்லை, நல்ல வேளை.

"தெரியலம்மா" என்றேன். "ஆனா தவளை இருக்கட்டும்."

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருபது வருஷமாக இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருப்பவள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கயலை அனுப்பிவிட்டு உட்கார்ந்து படியை முடித்தேன். உன் ஈடி ஒன்றையும் தொடவில்லை. பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. 'லைட்டட்' இன்னமும் தீப்பெட்டி தேடுகிறது. ஆனால் கூரை போடப்போகிறவள் அவள். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தது இந்த ராகத்தில்தான். நடுவில் நிறுத்தி வேறு வண்டியில் ஏற்றினால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். இது உன் வாதம் என்று தெரியும். சொன்னவன் நீ என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. முன்னுரைப் பக்கத்தில் எழுதிய என் பெயரை அழித்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்தேன். 'பேருந்தில் பயணம் செய்கையில் எனக்குத் தோன்றிய முறை இது.' அது போயிற்று. இன்று படியை வாங்க வந்த கயல் அதைக் கண்டுவிட்டு, "ஏன் மாமா?" என்றாள்.

"பக்கத்துல எடம் பத்தலம்மா" என்றேன்.

"எடம் இருக்கே மாமா."

"ஒங்கப்பாவுக்குப் பஸ்ஸு ஒத்துக்காது" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஆமா மாமா! காருன்னாக்கூட எலுமிச்சம்பழம்தான்!" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்க வைப்பது எனக்கும் வரும் என்று நீ ஒரு நாளும் நம்பியதில்லை. உறையை வண்டியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஆகவே வழக்கு முடியவில்லை. நான் உன்னை மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் கண்டக்டர் விசில் கேட்டால் இன்றும் எனக்குள் 'கட் – கட் – கட்' ஓடுகிறது. ஊரணிக் கரையில் எதுவாவது குதித்தால், லெப்டா ரைட்டா என்று ஒரு குரல் கேட்கிறது. நான் இன்னமும் வேகமாகத்தான் நடக்கிறேன். பின்னால் சிரிப்புதான் இல்லை.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கயல் பிரித்துவிடுவாள். அதனால் உறையில் உன் பெயரை எழுதி, தையல் கடை மாடி, ஆலங்குடி என்று போட்டிருக்கிறேன். தையல் கடை போய் உரக்கடை வந்து வெகு நாளாகிறது. நம் அறையில் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தபால்காரர் தேடிப் பார்ப்பார். ஆள் இல்லை என்றால் அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. அதனால் அனுப்புநர் பகுதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். இது எனக்குத் திரும்பி வரக்கூடாது. சுமந்தது போதும்.

கடிதம் எழுதும் பாடத்தை நீ எப்படி நடத்துவாய் என்று நினைவிருக்கிறது. "ஃப்ரம் போடலேன்னா அர மார்க் போச்சு. கையெழுத்து இல்லேன்னா இன்னொரு அர மார்க் போச்சு." பரீட்சையில் சொந்தப் பெயரை எழுதக்கூடாது என்பதால் நம் பிள்ளைகள் எல்லோரும் பெயருக்குப் பதில் மூன்று எக்ஸ் போட்டே வளர்ந்தார்கள். நான் அதையும் போடப் போவதில்லை. என் பெயர் இல்லாமலே இத்தனை வருஷம் அந்தப் பட்டியல் ஓடியது. இந்தக் கடிதமும் அப்படியே ஓடட்டும். நாளைக் காலை, கையெழுத்துப் போடாமல், பெட்டியில் போடுகிறேன்.

மார்க்கை வெட்டிக்கொள்.